கையைக் கட்டாதே

பெரியவர்கள் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று எனக்கு யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. தூத்துக்குடியில் எங்கள் தெருவுக்குப் பங்குச் சாமியார் வந்தால் எல்லாரும் கட்டினார்கள், நானும் கட்டினேன். கன்னியர் பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேள்வி கேட்டால் எழுந்து, கையைக் கட்டி, அப்புறம்தான் பதில் சொல்ல வேண்டும். அப்படியே பழகிவிட்டது. இரண்டு கையும் மார்புக்குக் குறுக்கே வந்தால்தான் எனக்கு வாயே திறக்கும். அது தப்பு என்று தெரிந்துகொள்ள நான் கடல் தாண்டி போர்ட் பிளேருக்கு வர வேண்டியிருந்தது.

அது அறுபதுகளில். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எங்கள் ஸாப் முன்னால் போய் நின்றேன். அந்தமானில் ஆபீஸரை பியூனிலிருந்து கான்ட்ராக்டர் வரை எல்லாரும் ஸாப் என்றுதான் சொல்வார்கள். வடக்கத்தி மனிதர். பேசும்போது மீசை மட்டும்தான் அசையும். வணக்கம் சொல்லிவிட்டு வழக்கம்போல் கையைக் கட்டினேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு இந்தியில் ஏதோ கேட்டார். எனக்கு அப்போது இந்தி அரைகுறை. அடுத்த மேசையில் இருந்த தமிழ் கிளார்க் எழுந்து வந்தார்.

"சண்டை போட வந்திருக்கியான்னு கேக்கறார்மா. கையை எடுத்துடுங்க."

"நான் மரியாதையாத்தான நிக்கேன்?"

"நமக்கு அது மரியாதை. இவருக்கு அது திமிர். எடுத்துடுங்க, அப்புறம் பேசிக்கலாம்."

எடுத்தேன். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முந்தானையைப் பிடித்தேன், மேசை விளிம்பைத் தொட்டேன், கடைசியில் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். கொடுக்கிற மரியாதையை வாங்கிக்கொள்ளத் தெரியாத மனிதனிடமா வந்து மாட்டிக்கொண்டோம் என்று எரிச்சலாக வந்தது. மனசுக்குள் நன்றாகத் திட்டினேன். அதற்கு மட்டும் கையும் வேண்டாம், இந்தியும் வேண்டாம்.

அந்த வேலையை நான் ஆசைப்பட்டு வாங்கவில்லை. என் வீட்டுக்காரர் சர்க்கார் மோட்டார் படகில், லாஞ்ச் என்பார்கள், மெக்கானிக்காக இருந்தார். வடக்கே ஒரு காட்டு முகாமுக்கு லாஞ்சோடு போனவர், மலேரியாவோடு திரும்பி வந்தார். மூளைக்கு ஏறிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அவர் இல்லை. என்மேல் இரக்கப்பட்டு இந்த வேலையைக் கொடுத்தார்கள். புதிதாகக் குடியேறுகிறவர்களின் ஊர்களுக்குப் போய்ப் பெண்களைக் கூட்டி வைத்து, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், கொசுவலை கட்டிப் படுங்கள் என்று சொல்ல வேண்டும். தற்காலிக வேலைதான். ஒரு மாதம் வராவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பார்.

எனக்கு ஒரு பையன். அவர் போகும்போது கைக்குழந்தை. அந்தமான் மழை உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, ஆரம்பித்தால் சுவரில் பாசி பிடிக்கிற வரை விடாது. அந்த ஈரத்தில் பிள்ளைக்கு இழுப்பு வந்துவிட்டது. இரவெல்லாம் நெஞ்சு மேலும் கீழும் போகும், உதடு நீலமாகிவிடும். இன்னொரு மழைக்காலத்தை இங்கே தாங்க மாட்டான், ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்றார் டாக்டர். நானும் போனால் வேலை போய்விடும், வேலை போனால் மருந்துக்குக் கையேந்த வேண்டும். தூத்துக்குடியில் என் அக்கா இருந்தாள், பிள்ளை இல்லாதவள். எங்கள் ஊருக்குப் போகிற ஒரு குடும்பத்தோடு பையனைக் கப்பல் ஏற்றினேன். சாத்தம் கப்பல் ஜெட்டியில் அந்த வீட்டு அம்மாள் தோளில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் பின்னாலேயே ஏறி வருவேன் என்று நினைத்திருப்பான்.

கப்பல் போன பிறகுதான் தீவு என்றால் என்னவென்று எனக்குப் புரிந்தது. அதுவரை அது ஊர்தான். சந்தை, கோயில், ஆஸ்பத்திரி, எல்லாம் இருந்த ஊர். அதற்கு அப்புறம் எந்தத் தெருவில் நடந்தாலும் கொஞ்ச நேரத்தில் கடல் வந்து குறுக்கே நின்றது. எனக்கு அந்தக் கடலைப் பார்க்கவே பிடிக்காது. மெயின்லேண்டிலிருந்து வருகிறவர்கள் அதைப் பார்த்து ஆஹா, ஓஹோ என்பார்கள். பற்றிக்கொண்டு வரும்.

கப்பல் வரும்போதெல்லாம் அக்காவின் கடிதம் வரும். இழுப்பு நின்றுவிட்டது என்று எழுதினாள். நடக்கிறான், பேசுகிறான், மீன் முள்ளை அவனே எடுக்கிறான் என்று எழுதினாள். ஒரு கடிதத்தில் மட்டும், "சீக்கிரம் ஒரு வழி பண்ணிக்கொண்டு வா. இன்னும் ரொம்ப நாள் போனால் அவனுக்கு உன் முகம் நிற்காது" என்று எழுதியிருந்தாள். அதை மடித்துப் பெட்டியில் வைத்தேன். பதிலுக்கு, பருப்பு விலை ஏறிவிட்டது என்று எழுதினேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் மெட்ராஸில் எங்கள் அந்தமான் நிர்வாகத்தின் ஆபீஸில் ஓர் இடம் காலியானது. தீவுக்கு வருகிறவர்களுக்குக் கப்பல் டிக்கெட் எழுதித் தருகிற வேலை. மெட்ராஸில் மழையும் இப்படிப் பெய்யாது, பிள்ளையை என்னோடு வைத்துக்கொள்ளலாம். ராத்திரி ரயில் ஏறினால் அடுத்த நாள் தூத்துக்குடி. ஸாப்பிடம் போய்க் கேட்டேன்.

"பெரிய ஸாப் டெல்லியிலிருந்து வருகிறார். பெரார்கஞ்ச்சில் புதுக் குடியேறிகளிடம் நீ பேசுவதைப் பார்க்கப் போகிறார். நன்றாகப் பேசு, உன் பெயரை மெட்ராஸுக்கு நான் எழுதுகிறேன்" என்றார் அவர்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுத்த நிமிஷமே அவர் ஆரம்பித்துவிட்டார். எங்கேயோ ட்ரெயினிங்கில் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார் போல. கையைக் கட்டாதே. தலையைக் குனியாதே. முந்தானையைப் பிடிக்காதே. தூண் மாதிரி ஒரே இடத்தில் நிற்காதே. உள்ளங்கை தெரியும்படி கையை நீட்டு. ஜனங்களின் கண்ணைப் பார். முக்கியமாக, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டாதே, ஆமாம் என்கிறாயா இல்லை என்கிறாயா என்று இத்தனை நாளாக எனக்குத் தெரியவில்லை என்றார். சரி ஸாப் என்று சொல்லித் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன்.

போர்ட் பிளேரில் குட்வில் எஸ்டேட் என்ற பகுதியில் ஓர் அறையில் நானும் ஒரு வங்காளிப் பெண்ணும் குடியிருந்தோம். தையல் மையத்தில் வேலை பார்த்தாள். நான் அவளை தீதி, அதாவது அக்கா, என்பேன், அவளும் என்னை தீதி என்பாள், அதனால் யார் பெரியவள் என்ற பேச்சே எங்களுக்குள் வந்ததில்லை. நாங்கள் பேசியது தீவின் இந்தி. அவள் வங்காளத்தில் பாதி, நான் தமிழில் பாதி போட்டு நிரப்புவோம். விஷயத்தைச் சொன்னதும் அவள் கட்டிலில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, கையில் கரண்டியை எடுத்துக்கொண்டாள்.

"நான்தான் டெல்லிக்காரன். பேசு" என்றாள்.

பேச ஆரம்பித்தால் கை தானாக ஏறும். மணிக்கட்டில் கரண்டியால் ஒரு தட்டு. மறுபடி ஏறும், மறுபடி தட்டு. அந்தச் சின்ன அறை, வெளியே கொட்டுகிற மழை, கொடியில் காயாத துணி. அதற்குள் நான் இப்படி நட, அப்படித் திரும்பு என்று அல்லாடினேன். என் உடம்பு என் பேச்சைக் கேட்காது என்று அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது. கூண்டுக்கு உள்ளே இன்னொரு கூண்டு என்று தோன்றியது. ஒரு நாள் அழுகையே வந்துவிட்டது.

"ஆம்பளைங்க கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்றார் தீதி. எங்க அம்மா பார்த்தா என்னை வெட்டிப் போட்டிருவா."

"கண்ணைப் பார்க்காதே. ரெண்டு புருவத்துக்கு நடுவிலே பார். அவன் கண்ணைப் பார்க்கிறதாக நினைச்சுக்குவான். நான் மாமனார் வீட்டில் இப்படித்தான் சமாளிச்சேன்" என்றாள். அதற்கு மேல் அழ முடியவில்லை, சிரித்துவிட்டேன்.

பெரார்கஞ்ச்சுக்கு ஜீப்பில் போனோம். வயல் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள், காலில் சேறு காயவில்லை. வங்காளிகள், தெலுங்கர்கள், மலையாளிகள், ராஞ்சியிலிருந்து வந்தவர்கள், நம் ஆட்கள் கொஞ்சம். ஒரு தகரக் கொட்டகைக்குள் எல்லாரையும் உட்கார வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு கயிற்றுக் கட்டில், மேலே கொசுவலை. பெரிய ஸாப் முன்னால் நாற்காலியில், எங்கள் ஸாப் அவருக்குப் பக்கத்தில். வெளியே மழை. நான் பேசுவது கேட்க வேண்டும் என்று ஜனங்களை இன்னும் முன்னால் நெருக்கினார்கள். ஒரு எட்டு பின்னால் வைத்தால் கட்டில் இடிக்கும், முன்னால் வைத்தால் யாரோ ஒருத்தியின் மடியில் மிதிப்பேன்.

மனப்பாடம் பண்ணிய இந்தி முதல் நாலு வரி வந்தது. ஐந்தாவது வரியில் துடைத்துவிட்ட மாதிரி எல்லாம் போய்விட்டது. யார் முகத்தைப் பார்த்தாலும் புருவம்தான் தெரிந்தது. தகரத்தில் மழைச் சத்தம். பெரிய ஸாப் கடிகாரத்தைப் பார்த்தார். மெட்ராஸ் போச்சு என்று நினைத்தேன். அந்தப் பயத்தில் என்னை அறியாமல் என் கை இரண்டும் ஏறி மார்புக்குக் குறுக்கே உட்கார்ந்துவிட்டன. எங்கள் ஸாப்பின் மீசை அசைந்ததை நான் பார்த்தேன்.

கட்டின கையை எடுத்தால் தப்பு பண்ணியது தெரிந்துவிடும். எடுக்காமல் இன்னும் இறுக்கினேன். தோளைக் குறுக்கினேன். நடுங்க ஆரம்பித்தேன். முதலில் சமாளிக்கத்தான் அப்படிச் செய்தேன். ஆனால் அந்த நடுக்கத்தை எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்குக் குளிர் வரும்போது முதலில் தோள் குறுகும், பிறகு தாடை அடித்துக்கொள்ளும், பிறகு முழங்கால் வயிற்றோடு வந்து ஒட்டும். என் மேல் எல்லாப் போர்வையையும் போடு, நீயும் படு என்பார். நான் கட்டிலில் விழுந்து அதை அப்படியே செய்தேன். கட்டில் கடகடவென்று ஆடியது. பிறகு அந்த நடுக்கம் நிற்கிற விதத்தையும் செய்து காட்டினேன்.

எழுந்து கட்டிலிலேயே உட்கார்ந்து கொசுவலையை இறக்கி, நாலு பக்கமும் பாய்க்கு அடியில் செருகினேன். உள்ளேயிருந்து உள்ளங்கையை விரித்து நீட்டினேன். அன்று இது எங்களிடம் இல்லை, இன்று உங்களிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த ஓட்டை இந்தியில் சொன்னேன். முன்வரிசையில் இருந்த ஒரு தெலுங்குப் பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் வெளியே வந்து அவள் கையைப் பிடித்துக் கொண்டுபோய், வலையை அவளையே செருக வைத்தேன். அதற்கப்புறம் ஒவ்வொருத்தியாக எழுந்து வந்தார்கள். எல்லார் கண்ணையும் நேராகப் பார்த்தேன், புருவத்தை மறந்தே போனேன்.

பெரிய ஸாப் எழுந்து நின்று கை தட்டினார். டீ கொடுக்கிற இடத்தில் எங்கள் ஸாப்பின் தோளில் தட்டி ஏதோ சொன்னார். ஜெயித்துவிட்டோம் என்று எனக்குள் ஒரே துள்ளல். என் புருஷனின் கடைசிக் காய்ச்சலை ஊர் நடுவில் கடை விரித்துவிட்டு வந்திருக்கிறேன், அவர் பிள்ளைக்காகத்தான், அவர் ஒன்றும் சொல்ல மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். ஜீப்பில் திரும்பும்போது ஸாப் முன்சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"பெரிய ஸாப் உன் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லிவிட்டார். தெற்கு, நடு, வடக்கு, எல்லாத் தீவிலும் நீதான் பேச வேண்டும் என்கிறார்."

"மெட்ராஸ், ஸாப்?"

"டிக்கெட் எழுத யார் வேண்டுமானாலும் போகலாம். இப்படிப் பேச யார் இருக்கிறார்கள்? உன்னை அங்கே அனுப்பினால் என்னைப் பைத்தியக்காரன் என்பார்."

வழி முழுக்க ரப்பர் மரங்களும் பாக்கு மரங்களும் போய்க்கொண்டே இருந்தன. குதித்து ஓடிவிடலாம் போல் இருந்தது. ஓடி எங்கே போவது? ஓடினாலும் கடல்தான்.

மறுநாள் அவர் அறைக்குப் போனேன். நிமிர்ந்து நின்று, உள்ளங்கையைத் திறந்து, கண்ணைப் பார்த்து, எனக்குப் பிள்ளை இருக்கிறான், அவனுக்கு என் முகம் மறந்துபோகும், என்னை விடுங்கள் என்று கேட்டேன். என் குரல் உடையவில்லை. நன்றாகவே பேசினேன்.

"பார்த்தாயா? இதைத்தான் சொல்கிறேன்" என்றார் அவர், ரொம்பச் சந்தோஷமாக.

அடுத்த வாரம் மறுபடி போனேன். இந்த முறை ஒன்றும் பேசவில்லை. தலையைக் குனிந்து, ஊரில் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இப்படி நின்றால் ஒன்றுக்கும் உதவாதவள் என்று விட்டுவிடுவார் என்று ஒரு நப்பாசை. அவர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"நடிக்காதே. நீ எப்படி நிற்பாய் என்று எனக்குத் தெரியும்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. திறந்தாலும் கேட்க மாட்டான், கட்டினாலும் நம்ப மாட்டான். இந்த ஆள் முன்னால் இனி என் கையை நான் என்னதான் செய்வது?

மெட்ராஸ் இடத்துக்கு அந்தத் தமிழ் கிளார்க் போனார். வழியனுப்பச் சாத்தம் ஜெட்டிக்குப் போயிருந்தேன். பக்கத்து மரமில்லின் சத்தத்தில் அவர் சொன்னது பாதி காதில் விழவில்லை.

"நான் கேட்டு வாங்கலம்மா. நீங்க தப்பா நினைக்கக் கூடாது."

"உங்க மேல கோவம் இல்ல சார். பத்திரமாப் போங்க" என்றேன். உண்மையில் அவர் மேலும் கோபம்தான். கப்பல் மேலும் கோபம்தான். கப்பல் நகர்ந்ததும் எல்லாரும் கையை ஆட்டினார்கள். நான் ஆட்டவில்லை.

அதற்கப்புறம் நான் பேசாத ஊர் இல்லை. லாஞ்சில் போவேன், மாட்டு வண்டியில் போவேன், கட்டிலையும் வலையையும் தூக்கிக்கொண்டு காட்டு வழியில் நடந்தும் போவேன். ஒவ்வொரு ஊரிலும் என் வீட்டுக்காரர் நடுங்கினார், ஒவ்வொரு ஊரிலும் செத்தார். ஜனங்கள் அழுதார்கள். நான் உள்ளங்கையை விரித்தால் எந்தப் பாஷைக்காரியும் எழுந்து என்னிடம் வந்தாள். மிரண்டு அழுகிற குழந்தைகள்கூட வந்தன. முழங்காலை மடக்கி அவர்கள் உயரத்துக்கு உட்கார்ந்து, கையை நீட்டிச் சும்மா இருந்தால் போதும், தாங்களாகவே வரும். அந்த வித்தையெல்லாம் எனக்கு அத்துப்படியாகிவிட்டது.

லீவு கிடைக்க இன்னும் இரண்டு மழைக்காலம் ஆனது. அதுவும் போய்த் திரும்பி வருகிற லீவுதான். கப்பலில் எனக்கு வாந்தியே வரவில்லை, சாப்பாடும் இறங்கவில்லை. மெட்ராஸில் இறங்கி ரயில் பிடித்து, தூத்துக்குடியில் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றபோது பள்ளிக்கூடம் விட்டிருந்தது.

சிலேட்டும் கையுமாக நின்றான். அவன் அப்பாவின் நெற்றி, அவன் அப்பாவின் காது. அக்கா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். நான் பையைக் கீழே போட்டேன். முழங்காலை மடக்கி, அவன் உயரத்துக்கு உட்கார்ந்து, இரண்டு கையையும் விரித்து நீட்டினேன். அவன் கண்ணை நேராகப் பார்த்தேன்.

"வா ராசா" என்றேன்.

அவன் அக்காவைப் பார்த்தான்.

"அம்மா, இது யாரும்மா?"

"அந்தமான் சித்தி வந்திருக்காவ, பாருல" என்றாள் அக்கா. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டாள். இத்தனை நாளும் வீட்டில் என்னை அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறார்கள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பையன் சிலேட்டைத் தரையில் வைத்தான். எனக்கு முன்னால் ஒழுங்காக வந்து நின்றான். பள்ளிக்கூடத்தில் பழக்கியிருக்கிறார்கள். இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு, "வணக்கம் சித்தி" என்றான்.

"கையைக் கட்டாத" என்றேன்.

ஸாப் சொல்கிற மாதிரியே, அதட்டலாக வந்துவிட்டது. அவன் பயந்துபோய் உடனே எடுத்துவிட்டான். எடுத்த கையை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. போய் அக்காவின் சேலையைப் பிடித்துக்கொண்டான்.